பத்து நாள் சங்கிலி

"கழட்டுடி சங்கிலிய! இப்பவே கழட்டு!"

காளியாயி தள்ளிய வேகத்தில் தகரக் கதவு சுவரில் மோதி அதிர்ந்தது. அடுப்படியில் இருந்த மருமகள் நாகலெட்சுமி திடுக்கிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். இடது காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவு வீக்கம்.

"பத்து நாளாச்சு, இன்னும் வத்தலையே அத்தே..."

"அதுக்குத்தான் சொல்றேன். கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

சத்தம் கேட்டு அடுத்த காம்பிரா வீட்டு வேலாயி ஓடி வந்தாள். அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எந்தப் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டாலும் காளியாயியின் தங்கச் சங்கிலிதான் கழுத்தில் ஏறும். பத்து நாளில் வீக்கம் வற்றிவிடும்.

"ஏங்க்கா, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் குடுக்கிறீங்க. சொந்த மருமவ போட்டா தேஞ்சா போயிரும்? பொன்னு இன்னும் ஒரு மாசம் கெடந்தா தானா வத்திட்டுப் போவுது!"

"ஒரு மாசமா? பத்து நாளே சாஸ்தி. நீ ஒஞ் சோலியப் பாருடி."

"கருமி!" என்றாள் வேலாயி, லயம் முழுக்கக் கேட்கும்படி.

காளியாயி திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது. அன்றே கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த அன்று, டாக்டர் காளியாயியைத் தனியாக அழைத்தார்.

"எச்சில் ஊறுற சுரப்பியில புற்றுநோய். அபூர்வமா வர்றது."

"பொழச்சுக்குவாளா ஐயா?"

"கட்டி சின்னது. கழுத்துல நெறி கட்டல. முகத்து நரம்பையும் தொடல. முழுசா எடுத்துட்டோம். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா வருசா வருசம் கூட்டிட்டு வந்து காட்டணும். வாய் கோணின பிறகு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

காளியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தோட்டத்துல இருந்து வர்றவங்க தங்கத்தைப் போட்டுக்கிட்டு மாசக்கணக்கா இருந்துட்டுத்தான் இங்க வருவாங்க. நீங்க மட்டும் எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லயத்துல யாருக்கும் தெரிய வேணாங்க. தங்கத்த எப்பவோ பிரஜாவுரிமைக் கேசுக்கு வித்துட்டேன். இது பித்தளை. பித்தளைக்கே எல்லாப் புள்ளைங்களுக்கும் பத்து நாள்ல வத்துன வீக்கம் இவளுக்கு மட்டும் வத்தலன்னா, இது பொன்னுக்கு வீங்கி இல்லீங்களே ஐயா!"