வக்கீலம்மா

மேடையில் முனீஸ்வரியின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது.

அருண்பாண்டிதான். அவனும் பவதாரிணியும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களோடு சட்டம் படித்து முடித்த மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லோருக்கும் இருபத்தைந்தை ஒட்டிய வயது. ஐம்பதைத் தொடப்போகிற முனீஸ்வரி அவர்கள் அத்தனை பேருக்கும் அக்கா.

கறுப்பு அங்கி காலில் தடுக்காமல் இருக்க, அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி படியேறினாள். பட்டம் கொடுத்த பெரியவர் அவள் முகத்தைப் பார்த்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

அவள் பட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவள் எதற்காக வக்கீலுக்குப் படித்தாள் என்பது வகுப்பு முழுக்கத் தெரியும்.

மகள் ரோகிணியைத் திருநகரில் கட்டிக்கொடுத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் பிணமாகத்தான் பார்த்தாள். தூக்குப் போட்டுக்கொண்டாள் என்றார்கள். ஆனால் அன்று காலை அக்காவைப் பார்க்கப் போயிருந்த தம்பி அழகுபாண்டி, அவள் புருஷன் அவள் கழுத்தை நெரித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைக் கூப்பிட ஓடிவந்தான். இருவரும் போய்ச் சேர்வதற்குள் ரோகிணி மின்விசிறியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கோர்ட்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் புரியாமல் வராந்தாவில் நின்று நின்று, ஒருநாள் அவளே சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். எப்போதோ தபாலில் முடித்திருந்த பி.ஏ. அதற்கு உதவியது.

பகலில் கல்லூரி. சாயங்காலம் தறி. தீர்ப்புகளை அருண்பாண்டி தமிழில் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவான். தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள்.

முதல் வருஷத்திலேயே ஒன்று தெரிந்துபோனது. கொலை வழக்கை அரசு வக்கீல்தான் நடத்துவார். செத்தவளின் தாய் வக்கீலே ஆனாலும் அவர் பின்னால் நின்று உதவத்தான் முடியும். அன்று மத்தியானம் முனீஸ்வரி சாப்பிடவில்லை.

"பின்னாடி நின்னு செஞ்சாலும் உதவிதானக்கா" என்று பவதாரிணி தன் டிபன் பாக்ஸைத் திறந்து முன்னால் வைத்தாள்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

விழா முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வேப்பமர நிழலில் மகன் அழகுபாண்டி நின்றிருந்தான். இப்போது அவனுக்கும் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. வரச்சொல்லி முனீஸ்வரி அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே வந்திருந்தான்.

"அண்ணே, கோர்ட்ல மட்டும் பயப்படாம பாத்ததைச் சொல்லிருங்க. மத்ததை எங்கக்கா பாத்துக்கிருவாங்க" என்றாள் பவதாரிணி.

அழகுபாண்டி கையிலிருந்த செல்போனைத் துடைத்தான்.

"அவன் சொல்லிட்டான் கண்ணு. போன வெள்ளிக்கிழமை" என்றாள் முனீஸ்வரி.

"எங்ககிட்டச் சொல்லவே இல்ல! அப்ப ஜெயிச்ச மாதிரிதானக்கா!" அருண்பாண்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் குலுக்க விட்டாள்.

எல்லோரும் அவளை நடுவில் நிறுத்திச் சுற்றி நின்றார்கள். அழகுபாண்டிதான் படம் எடுத்தான்.

"சிரிம்மா."

சிரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை அவன் கூண்டில் ஏறி நின்றபோது அவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். அரசு வக்கீல் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் அன்னைக்கு அந்தப் பக்கமே போகலைங்கய்யா. எதையும் பாக்கலை" என்றான்.

அரசு வக்கீல் திரும்பி அவளைப் பார்த்தார். ரோகிணியின் புருஷன் நிமிர்ந்து நின்றான்.

அவனைத் தவிர கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. சாட்சி பிறழ்ந்தால் வழக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குப் பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நன்றாகவே எழுதியிருந்தாள்.

அதன்பிறகு அம்மாவும் மகனும் அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை.

சாப்பிடப் போகலாம் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். "நீங்க போங்கப்பா, எனக்குத் தறி இருக்கு" என்று அனுப்பிவைத்தாள். "வாரோம் வக்கீலம்மா!" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

அழகுபாண்டி வண்டியை எடுத்தான். கிளப்பவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"கோர்ட்டுக்கு மொத நாளு, நான் வேலைக்குப் போயிருந்தப்ப அவன் ஆளுக வந்திருக்காய்ங்கம்மா. வாசல்ல வெளையாண்டுக்கிட்டிருந்த பாப்பாவைத் தூக்கி வச்சுக் கொஞ்சியிருக்காய்ங்க. முட்டாய் வாங்கிக் குடுத்திருக்காய்ங்க. வேற ஒண்ணுமே சொல்லலையாம்."

முனீஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள். இதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று அவளுக்குத் தெரியும். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்ததை யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

"ஏறும்மா" என்றான்.

ஏறி உட்கார்ந்தாள். ஒத்தக்கடை தாண்டுகிற வரைக்கும் பஸ்களும் லாரிகளும் உரசிக்கொண்டு போயின. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டது.

பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.