முடோரோவின் முறை

“மண்ணு புளிச்சுப் போச்சு. அதுக்கு என்ன பண்ணணும்னா…” என்று முடோரோ ஆரம்பித்தார்.

திரை இருண்டது. மாணவர்களைப் போல நடித்துக்கொண்டிருந்த சக ஆசிரியர்களின் முகங்கள் ஒரேயடியாகக் காணாமல் போயின.

இது மூன்றாவது தடவை.

உடனே போன் அடித்தது. நசிமியுதான். ஆசிரியர்களை இணைய வகுப்புக்குப் பழக்குவதற்காகப் பல்கலைக்கழகம் ஒரு வருஷத்துக்கு வேலைக்கு எடுத்திருந்த பெண். ஆசிரியர் யாரானாலும் அவளுக்கு ‘முவாலிமு’தான்.

“மன்னிச்சுக்குங்க முவாலிமு. என் பக்கம் லைன் போயிடுச்சு. நாளைக்கு மறுபடி வச்சுக்கலாம். நல்லதா நாலு கேள்வி யோசிச்சு வைங்க.”

“கேள்வி இருக்கட்டும். முதல்ல நீ உன் லைனைப் பாரு” என்று போனை வைத்தார் முடோரோ.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. புது முறையில் பாடமே கிடையாது. ஒரு விவசாயியின் சிக்கலைக் கொடுத்துவிட வேண்டும். மாணவர்களே பேசித் தேடி விடை காண வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது. ஒத்திகைகள் நசிமியுவின் கணினியில் பதிவாகி டீனுக்குப் போகும். தேறாதவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு கிடையாது. எல்லாருடைய பதிவும் டீனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, முடோரோவுடையது தவிர.

கேன்டீனில் பொருமினார். “அடுப்புல உகாலிக் களியை வச்சுட்டு வந்து உக்காருவா போல. அடிபிடிக்குதுன்னு பாதியில ஓடுறா.”

“நம்ம காகமேகா ஊர் மழைப்பா. லைன் என்ன பண்ணும்?” என்றார் கைம்பா, இருபது வருஷ சிநேகிதர்.

“மழை என் தலைக்கு மட்டுமா பெய்யுது? உன் முறை வந்தப்போ முழுசா ஓடுச்சே.”

கைம்பா மண்டாசிப் பலகாரத்தைத் தேநீரில் நனைத்தார்.

முடோரோ நேரே டீனிடம் போனார். டீன் ஒடேரா நசிமியுவைக் கூப்பிட்டனுப்பினார்.

“என்னம்மா இது? மத்தவங்களுக்கெல்லாம் நல்லா இருக்கிற லைன், இவருக்கு மட்டும் போகுமா?”

“போயிடுச்சுங்க ஐயா.”

“உன் வேலை இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கிற காகிதம் என் மேசையில கிடக்கு. ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க ஐயா.” ஊரில் அவளை நம்பி மூன்று வயிறு இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

“சரி. ஒத்திகை இங்கேயே நடக்கட்டும், இப்பவே. என் கணினி, என் லைன். போகுதான்னு பார்க்கிறேன்.”

முடோரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நசிமியு மேசை ஓரமாக, சுவரில் இருந்த கணினி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

சிக்கல் இதுதான்: ஒரு விவசாயியின் மரவள்ளிச் செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, தோண்டினால் கிழங்கு உள்ளே அழுகியிருக்கிறது.

திரையில் வந்து சேர்ந்த சக ஆசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தண்ணீர் தேங்கியிருக்கும் என்றார் ஒருவர். எலி என்றார் கைம்பா.

எலி என்றதும் முடோரோவுக்குத் தாங்கவில்லை. “எலியாவது… இங்க பாருங்க, இது என்னன்னா…”

நசிமியுவின் கை சுவிட்சை நோக்கிப் போனது. முடோரோ அதை ஓரக்கண்ணால் பார்த்தார். மறுபடியும் நிறுத்தப் பார்க்கிறாளே என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. யோசித்து வைத்த கேள்விகளில் ஒன்றுதான் வாயில் வந்தது.

“இது என்னன்னா… சரி, நடுறதுக்குக் குச்சி எங்கேயிருந்து வந்ததுன்னு யாராவது கேட்டீங்களா?”

அவள் கை இறங்கியது.

பிறகு ஒருவர், “பக்கத்துக் காட்டுல வாங்கியிருப்பான்” என்றார். “அங்கேயும் கிழங்கு அழுகியிருக்குமோ?” என்றார் இன்னொருவர். “அப்போ நோய் குச்சியோடவே வந்திருக்கு” என்று கைம்பா முடித்தார். முடோரோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெற்றி மட்டும் வேர்த்திருந்தது.

டீன் கை தட்டினார். “பிரமாதம் முடோரோ. வகுப்பு உங்களுக்குத்தான்.” நசிமியு பக்கம் திரும்பினார். “லைன் போகலையே. கோளாறு உன்கிட்டதான் இருந்திருக்கு. இந்தக் காகிதத்துல எப்படிம்மா நான் கையெழுத்துப் போடறது?”

“சரிங்க ஐயா” என்றாள் அவள். முடோரோவைப் பார்த்து, “நல்லா நடத்தினீங்க முவாலிமு” என்றுவிட்டு வெளியே போனாள். குரலில் குத்தல் இல்லை.

தாழ்வாரத்தில் கைம்பா வந்து காத்திருந்தார்.

“பாத்தியா?” என்றார் முடோரோ. “என் கண்ணு முன்னாடியே சுவிட்சுல கையை வைக்கப் போனா. நான் என்ன பாவம் பண்ணினேன் அவளுக்கு?”

“எப்போ கையை வச்சா?”

“நீ எலின்னு உளறினியே, அப்போ. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்…”

“முந்தி மூணு தடவை லைன் போனப்போ என்ன பண்ணிட்டிருந்தே?”

“அப்பவும் பதில்தான்…”

முடோரோ நின்றார்.

மண் புளித்துவிட்டது என்று சொன்னபோது போனது. அதற்கு முன், அவரையில் விழுந்த பூச்சியின் பெயரைச் சொன்னபோது. அதற்கும் முன்னால், முதல் நாள், அவர் ஒரு முழுப் பாடமே நடத்தத் தொடங்கியபோது. அதில் ஒன்று பதிவாகி டீனுக்குப் போயிருந்தாலும் போதும், அவருக்கு வகுப்பே கிடைத்திருக்காது.



முடோரோ திரும்பி நடந்து டீனின் கதவைத் தள்ளினார்.

“ஐயா, அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடுங்க. கோளாறு அந்தப் பொண்ணுகிட்ட இல்ல. என் வாயில இருந்துச்சு.”