எந்தப் பலகை சில்லிடுகிறது

மலைப் பங்களாவின் மரத்தரைக்கு அடியில் தவழ்ந்து, குளிர் ஏறாதபடி முப்பது வருடம் தேங்காய் நார் அடைத்தவர் என் அப்பா. அந்தத் தரைமேல் அவரை ஏற விட்டதில்லை. பட்டம் வாங்கிய நான், இந்த வருடம் அவருக்குப் பதிலாகத் தவழ்ந்தேன். அடைத்து முடித்து, கீழே படுத்தபடியே சொன்னேன்.

"வெறுங்கால்ல நடந்து பாருங்க சார். எந்தப் பலகை சில்லுன்னு இருக்குன்னு சொல்லுங்க."

"சர்க்கரையில கால் மரத்துப்போச்சும்மா," என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப வெளிய நிக்கிற எங்கப்பா நடக்கட்டும்."

"அது பழக்கமில்லையே."

"சரி, குளிருலயே இருங்க."

வீட்டுக்காரர் வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "சடையா, காலக் கழுவிட்டு ஏறு."

"கழுவாதப்பா," என்றேன். "ஈரக்காலுக்கு எல்லாப் பலகையும் சில்லுன்னுதான் இருக்கும்."

வாசல் பக்கத்துப் பலகை முனகியது. அடுத்த பலகைக்காகக் காத்துக் கிடந்தேன்.