பேருந்தில் சிரித்தவர்கள்

கிளாஸ்கோவில் வதனி தனியாகப் பேருந்து ஓட்டத் தொடங்கிய முதல் நாள், அவள் கணவன் குகதாசன் பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த ஊர்க்காரர்களின் கொச்சை ஆங்கிலத்தை அவள் மாதக்கணக்காகச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியபோது கேலி செய்தவன் அவன். வழியில் ஏறிய குடிகாரன் ஒருவன் டிக்கெட் எடுக்க மறுத்து அவளைக் கண்டபடி ஏசினான். குகதாசன் பதறி எழுந்தான். அதற்குள் வதனி அந்த ஊர்ப் பெண்களைப் போலவே இழுத்து இழுத்து ஏதோ சொன்னாள். பேருந்தே குலுங்கிச் சிரித்தது. குடிகாரனும் சிரித்துவிட்டு, காசைக் கொடுத்துச் சாதுவாக உட்கார்ந்தான்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது குகதாசன் அவளிடம், "என்னப்பா சொன்னனீர்?" என்று கேட்டான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "தமிழில சொன்னா சிரிப்பு வராதப்பா."

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் குகதாசன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மை வைஃப்" என்றான்.