சந்தனப் பொட்டு வைத்த டேப்லெட்

செந்தாமரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடவை விட்டுவிட்டு, குடவாசல் வரை பஸ் ஏறி மகளைப் பரீட்சைக்குக் கூட்டிவந்தது இதைப் பார்க்கவா?

தேறினால் விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பன்னிரண்டாவது வரை படிப்பும் சோறும் அவர்கள் பொறுப்பு. தேறாவிட்டால் கொஞ்ச நாளில் இவளும் அம்மா பின்னால் சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் ஒரு டேப்லெட். மேற்பார்வைக்கு வந்த சார் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அதன் பிறகு தன் செல்போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

மற்றதுகள் தட்டித் தட்டி எங்கேயோ போய்விட்டன. செந்தாமரையின் திரையில் முதல் கேள்வியே நின்றது. அவள் உதடு மட்டும் அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது.

அடி அசடே, சாமியா வந்து எழுதும்?

இவளுக்கா தெரியாது! நாற்றுமுடிக் கணக்கை வாயாலேயே போடுகிறவள். டேப்லெட்டும் புதிதில்லை. போன வருஷமே இவள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பெரிய டீச்சர் மேகலா அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார். அம்சமே போய்ச் சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறாள்.

அதிகாரி வந்தால் டீச்சர் ஒன்றைக் கையில் பிடித்து, தானே தள்ளித் தள்ளிப் பாடம் காட்டுவார். பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அதிகாரி போனதும் மறுபடியும் பீரோ. நாய் பெற்ற தெங்கம்பழம்தான், தானும் தின்னாது, பிறரையும் தின்னவிடாது, வேறென்ன?

மணி அடித்தது. திரைகள் அணைந்தன.

செந்தாமரை சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அம்சம் கையை ஓங்கிவிட்டாள்.

"ஏன்டி, தெரிஞ்சும் ஒண்ணுகூட எழுதல?"

"எத்தன தடவ பதில் சொன்னேன் தெரியுமாம்மா? அந்த சார்தான் வந்து அடுத்த கேள்விய தள்ளி விடவே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மத்த பிள்ளைங்கல்லாம் அதத் தொட்டுட்டாங்கம்மா. பாவம், நல்லா அடி வாங்கப் போறாங்க."