வார் அறுந்த பை

அது நடந்தபோது அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மூன்றாம் வகுப்பு டீச்சரான எங்கள் மருமகள், கதவருகே தலைமையாசிரியை, வாட்ச்மேன், நடுவர்களாக ஓட்டைப்பல் என்ற சிறுமியும் சோடாபுட்டி என்ற சிறுவனும், வார் அறுந்த பையை அணைத்தபடி இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பேத்தி, சண்டை போட்ட நெட்டை, கட்டை. ஒன்பதாவதாக ஒருவர் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நெட்டை, கட்டை என்பவை பள்ளி வாசலில் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்கள். அவற்றையே நானும் வைத்துக்கொள்கிறேன்.

கை நீட்டாமல் சண்டையைத் தீர்த்துக்கொள்வது எப்படி என்று மருமகள் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறாள். மணி அடித்த பின் நடுவர்களுக்குத் தனிப் பயிற்சி. அந்த வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் தலைமையாசிரியை அன்று வந்திருந்தார்.

"டீச்சர், கேட்டுப் பக்கத்துல ஒரே ரகளை" என்றார் மூவரையும் அழைத்துவந்த வாட்ச்மேன். "பாப்பாகூட யாரு நடந்து போறதுன்னு சண்டை. ஆளுக்கு ஒரு பக்கம் பையை இழுத்து வாரே பிஞ்சுபோச்சு."

மருமகளின் முகம் சிவந்துவிட்டது. "இதுல நான் தலையிட முடியாது. ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க. நடுவர்களே பாத்துக்கோங்க."

இருவரையும் சின்ன நாற்காலிகளில் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். நெட்டையின் முழங்கால் மேசையில் இடித்தது. ஓட்டைப்பல் ஒரு பஞ்சுப் பந்தை எடுத்தாள்.

"பந்து வெச்சிருக்கவங்கதான் பேசணும். அவங்க சொன்னதை மத்தவங்க திருப்பிச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்லணும். யாரா இருந்தாலும் வாங்க போங்கதான்."

"அவருதான் முதல்ல இழுத்தாரு!" என்றான் கட்டை.

"பந்து உங்ககிட்ட இல்ல."

கட்டை ஓட்டைப்பல்லின் கையிலிருந்த பந்தையே பார்த்தான். அவன் பக்கத்துத் தெருவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதுவரை பேத்தியோடு வீட்டுக்கு நடந்தவன் நெட்டை மட்டும்.

நெட்டை பந்தை வாங்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். "தினமும் இவரே அவகூடப் போறாரு. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து கேட்டுல நின்னுக்கறாரு."

"அது நடந்தது. மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டான் சோடாபுட்டி.

நெட்டை பந்தைப் பிசைந்தான். "இவரு நாய் மாதிரி குரைச்சுக் காட்டறாரு. அவ சிரிக்கற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. என்கூட வந்தா 'ம்', 'ம்'தான். எனக்கு... வயிறு எரியுது."

"குரைச்சா தப்பா?" என்று எகிறினான் கட்டை.

"முதல்ல திருப்பிச் சொல்லுங்க."

கட்டை தரையைப் பார்த்தான். "நான் குரைச்சா அவ சிரிக்கறா. என்கூட சிரிக்கறவ தன்கூட சிரிக்கலயேன்னு இவருக்கு வயிறு எரியுது." சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் இறங்கிவிட்டது.

பந்து கை மாறியது.

"எனக்கு மட்டும் எரியாதா? நிலா ஏன் நம்மகூடவே வருது, ஒன்பதாம் வாய்ப்பாடு எப்படிச் சொல்றதுன்னு எதைக் கேட்டாலும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'இரு, அவர்கிட்ட கேட்டுக்கறேன்'ங்கறா. அவளுக்கு நான் கோமாளி. இவருதான் பெரிய அறிவாளி."

நெட்டைக்கு அது புதுச் செய்தி. தன்னைப் பார்த்தும் ஒருவன் வயிறு எரிவான் என்று அவன் நினைத்ததே இல்லை. அதைக் கேட்டு உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆனால் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்ததே! 'கோமாளி' என்ற சொல்லை மட்டும் மெல்லச் சொன்னான்.

ஓட்டைப்பல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அவளைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

பேத்தி மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கு ஒரு கை. பையை நானே தூக்கிக்கறேன். அதுக்கு வார் வேணும்."

"பிச்சவங்க சேர்ந்து போய்த் தெச்சுக் குடுக்கணும்" என்றான் சோடாபுட்டி. "யாரு பிச்சதுன்னு யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லணும். மாத்திச் சொன்னா இந்தச் சமாதானம் செல்லாது."

இருவரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை மருமகளைப் பார்த்து, "அடுத்த வருஷமும் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க நெட்டைக்கு வாட்ச்மேன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நானே பையை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். தையல்காரர் அறுந்த வாரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க பெரியவரே, சண்டை போடாதேன்னு சொல்லிக்குடுக்கற உங்க மருமக வகுப்புப் பசங்களே அடிச்சு உருண்டாங்களாமே? வகுப்பையே நிறுத்தியாச்சாமே? யாரு அந்தப் போக்கிரிங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வருடமாக அந்தத் தெருவில் என் பெயருக்கு ஒரு சொல் வந்ததில்லை. 'சின்னப் பிள்ளைங்கதானே' என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் அது அப்படியே இருந்திருக்கும். எங்கள் மருமகளின் பெயர்தான் போயிருக்கும்.

"வகுப்பு நிக்கல. பசங்க யாரும் அடிச்சுக்கல" என்றேன். "பிச்சது நானும், இதோ வெளிய நிக்கறாரே, என் சம்பந்தி, அவரும்."