போனில் பார்த்த வீடு

"அந்த வீடு இல்லேன்னா எங்களுக்கு வேற வீடே வேண்டாம் தம்பி."

வேலுத்தாய் சொன்னதைக் கேட்டு பாலகுரு சிரித்துவிட்டான். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் அவனுக்கு வீடு, மனை புரோக்கர் ஆபீஸ். முன்னால் உட்கார்ந்திருந்த வேலுத்தாயும் அவள் புருசன் சீனிச்சாமியும் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தும் நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் மின்னியது.

"அக்கா, அது மெட்ராஸு. மேடவாக்கம். மெட்ரோ வருதுன்னதும் அங்கன ஆளாளுக்கு வெலைய ஏத்தி வச்சிருக்கான். உங்க தோதுக்குத் திருத்தங்கல்ல ஒரு வீடு..."

"நோட்டீஸுல மேடவாக்கம்னுதான போட்டிருந்துச்சு?"

"போட்டிருந்துச்சு. தாயில்பட்டி பஸ் ஸ்டாப்புலதான் ஒட்டணும்னு அந்த வீட்டுக்கார மேடமே மெசேஜ் அனுப்புனாக. மெட்ராஸ் வீட்டுக்குத் தாயில்பட்டியில எவன் வருவான்னு எனக்கே சிரிப்பு. பாத்தா, நீங்க வந்து நிக்கீக!"

"ஏன், நாங்க மெட்ராஸ்ல வீடு வாங்கக் கூடாதா?" என்றார் சீனிச்சாமி. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தாராளமா வாங்குங்க அண்ணாச்சி! கேட்டா நம்ம ஊருக்கும் பெருமை. ஆனா மேடம் இன்னைக்கு மட்டுந்தான் காட்டுவாகளாம். இன்னைக்கு விட்டா அம்புட்டுத்தான்."

"அதுக்குத்தான் கம்பெனி லீவு பாத்து வந்தோம். காட்டுங்க" என்றாள் வேலுத்தாய்.

பாலகுரு வீடியோ காலைப் போட்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான்.

"மேடத்துக்குத் தொண்டை கட்டியிருக்காம். பேச மாட்டாக, நடந்து காட்டுவாக. என்ன பாக்கணுமோ இங்கன இருந்தே சத்தமாச் சொல்லுங்க."

போனில் ஒரு கதவு தெரிந்தது. முன்னால் சின்னதாக ஒரு கோலம். கதவு திறந்து, படம் வாசலைத் தாண்டப்போகும் நேரம், சீனிச்சாமி சட்டென்று இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் மடக்கிக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, எறும்பா?"

"ம்."

பாலகுரு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். எறும்பு எதுவும் இல்லை.

கதவுக்கு உள்பக்கம் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. "இத எதுக்கு இங்கன வச்சிருக்காகன்னு தெரியல. எடுக்கச் சொல்லிருவோம்" என்றான்.

"எதுக்கு எடுக்கணும்?" சீனிச்சாமி குரல் உயர்ந்தது. "பட்டாசு மருந்து ரூம்ல, வாசல்ல வைக்கிற தண்ணிதான் தம்பி எங்களுக்கு மொதக் காவல். வீட்டுலயும் அப்படித்தான் வைப்போம். அது அங்கனயே இருக்கட்டும்."

"அடுப்படி?" என்றாள் வேலுத்தாய்.

படம் அடுப்படிக்குப் போனது. அவள் போனோடு முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டாள். "சோறு வடிச்சாச்சு. கொழம்பு என்னன்னு தெரியலையே."

ஒரு கை வந்து சட்டியின் மூடியைத் திறந்தது.

"கருவாட்டுக் கொழம்பு!"

"அக்கா, வீட்டத்தான் விக்காக. கொழம்ப இல்ல."

"தண்ணி நல்லா வருமா?" என்றார் சீனிச்சாமி. குழாய் திறந்தது. "காத்து?" ஜன்னல் திறந்து திரை ஆடியது. "தாழ்ப்பா உறுதியா இருக்கா? புருசன் வேலைக்குப் போயிட்டா பொம்பள தனியால்ல கெடக்கணும்."

தாழ்ப்பாளை அந்தக் கை மூன்று தடவை போட்டுப் போட்டு எடுத்துக் காட்டியது.

"நம்ம அக்கா இருக்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாளே வேண்டாம் அண்ணாச்சி" என்றான் பாலகுரு.

அடுத்தது படுக்கிற அறை. நடுவில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. சீனிச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவா நடக்கச் சொல்லுங்க. புள்ள முழிச்சிரும்."

தொட்டில் சேலை விலகியது. கை மூடி, வாய் பிளந்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. படம் அங்கேயே நின்றது. லேசாக ஆடியது.

பாலகுரு கடிகாரத்தைப் பார்த்தான். "பால்கனி பாக்க வேண்டாமா?"

"இருக்கட்டும் தம்பி" என்றாள் வேலுத்தாய். "இன்னும் கொஞ்சம் இங்கனயே நிக்கட்டும்."

வாங்க வழியில்லாமல் ஆசைக்கு வீடு பார்க்க வருகிறவர்களை பாலகுரு நிறையப் பார்த்திருக்கிறான். இவர்களும் அந்த ரகம்தான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

கடைசியில் சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டபடி எழுந்தார். "நல்ல வீடு தம்பி. நல்லா வச்சிருக்காக. நமக்குத்தான் கட்டுப்படியாகாது."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?"

அவர் படியிறங்கினார். வேலுத்தாய் வாசல் வரை போய், திரும்பி வந்து, போனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

பாலகுரு போனைக் கையில் எடுத்தான். "மன்னிச்சிருங்க மேடம். உங்க நேரத்த வீணாக்கிட்டாக. வேற நல்ல பார்ட்டியாப் பாத்துக் கூட்டியாறேன்."

"வேற யாரும் வேண்டாம்ணே, நோட்டீஸக் கிழிச்சிருங்க" என்றது ஒரு பெண்குரல், அச்சு அசல் தாயில்பட்டிப் பேச்சில். "வீடு விக்கிறதுக்கு இல்ல. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த அன்னைக்கு, ஒன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு எங்கப்பா சத்தியம் பண்ணிட்டாக. மிதிக்காமலே இன்னைக்கு எல்லா ரூமும் பாத்துட்டாகள்ல, அது போதும்ணே."